நடுவரை அமர்த்தியவர்

மூலக்கொத்தளம் என்னும் பெயர், பழைய சென்னையின் மதிற்சுவர் மூலையில் நின்ற கொத்தளத்தால் வந்தது என்பர். சுவர் போயிற்று, பெயர் நிற்கிறது. வெளியூர் அன்பர்களிடம் இப்பெயரைச் சொன்னால் அவர்களுக்கு இங்குள்ள இடுகாடே முதலில் நினைவுக்கு வரும். 1939ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்று உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மண் அது. ஆனால் இங்கு வளரும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய உலகம் வேறு. வியாசர்பாடி, இராயபுரம், காசிமேடு என்று வடசென்னை முழுவதும் மாலைப்பொழுது பந்துக்கு உரியது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி ஒருபுறம், சரக்கு ரயிலின் ஓசை ஒருபுறம். இடையில் கிடைக்கும் கட்டாந்தரையில் இரண்டு செங்கற்களை நட்டுக் கோல் என்று வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

அடியேன் மதரஸாவில் ஓதியவன். அரபும் தமிழும் கற்பித்து வாழ்பவன். பந்தை எந்தப் பக்கம் உதைக்க வேண்டும் என்பதுகூட அந்நாளில் எனக்குத் திட்டமாகத் தெரியாது. அதனாலேயே என்னைத் தேடி வந்தார்கள்.

2022ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த மே மாதத்தில், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக எங்கள் பகுதி இளைஞர்கள் ஒரு போட்டி நடத்தினர். எட்டு அணிகள், ஏழு ஆட்டங்கள். தோற்றவர் வெளியேற வேண்டியது. நுழைவுக் கட்டணப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளவும், எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று எழுதிக் கொடுக்கவும், எந்த அணியையும் சேராத ஒரு பெரியவர் வேண்டியிருந்தது. "ஹஜ்ரத், உங்களுக்குத்தான் ஆட்டமே தெரியாதே, நீங்க யார் பக்கமும் சாய மாட்டீங்க" என்றார் ஒரு தம்பி. அறியாமையே ஒரு தகுதியாக மதிக்கப்பட்டது என் வாழ்வில் அந்த ஒரு முறைதான்.

நடுவர்கள் நால்வர் கிடைத்தனர். நால்வரும் முறைப்படி தேர்வு எழுதியவர்கள். இந்த வேலை விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வந்துவிடுவதன்று. பதினேழு விதிகளையும் படித்து எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். குறித்த நேரத்துக்குள் குறித்த தொலைவு ஓடிக் காட்ட வேண்டும். பிறகு சிறுவர் ஆட்டங்களில் தொடங்கி, கொடி பிடித்து, விசில் ஊதி, மேலிருந்து ஒருவர் பார்த்துக் குறித்த பின்புதான் அடுத்த படி. அப்படிப் படிப்படியாக ஏறிய தமிழகத்தவர் ஒருவர், கோமளீஸ்வரன் சங்கர் என்பவர், 2002ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடியேந்தினார். இந்திய அணி சென்று ஆடியிராத அந்த அரங்கிற்கு இந்திய நடுவர் ஒருவர் போய்ச் சேர்ந்தார் என்பதைப் பலர் அறியார்.

எங்கள் நால்வரில் சிறந்தவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், நாற்பதைக் கடந்தவர். தொழுகையிலும் கொடுக்கல் வாங்கலிலும் பேர் எடுத்தவர். அரையிறுதி ஆட்டங்களில் ஒன்று கடுமையாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்கு அவர் பெயரை எழுதினேன். அன்றிரவே என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், இந்த ஒரு ஆட்டம் எனக்கு வேணாம். அக்கா பையன் ஆடுறான்."

அந்தப் பிள்ளையை நானும் அறிவேன். என்னிடம் மாலையில் ஓதும் மாணவன். எதிரணியின் பயிற்சியாளரும் நாசூக்காக இதே பேச்சை எடுத்தார். எனக்கோ சினம் வந்தது. இப்படிப்பட்ட ஒருவரைச் சந்தேகிப்பதா? கற்ற கல்வி உடனே கைகொடுத்தது. இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில் காழியைப் பற்றிய பாடத்தைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். காழியின் தீர்ப்பு தமக்கும், தம் பெற்றோர் பாட்டன்மாருக்கும், தம் மக்கள் பேரருக்கும் ஆதரவாகச் செல்லாது என்று அங்கே இருக்கிறது. அக்காள் மகன் அந்த வரிசையில் இல்லை. சகோதரனின் சாட்சியம்கூட ஷாபிஈ மத்ஹபில் ஏற்கப்படுகிறது. "தம்பி, சட்டம் உமக்கு இடம் தருகிறது. உமது நேர்மையை ஊர் அறியும். உம்மைத் தவிர வேறு யாரால் இந்த ஆட்டத்தை நடத்த முடியும்?" என்றேன். புகழ்ச்சியால் ஒருவர் வாயை அடைப்பது எவ்வளவு எளிது! அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஆட்டம் நடந்தது. அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்குச் சற்று முன்பு முடியும் நிலையில், அந்தப் பிள்ளையின் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. அவன் பந்தைத் தள்ளிக்கொண்டு கோலை நெருங்கினான். எதிரணிப் பிள்ளை ஒருவன் காலை நீட்டினான். விழுந்தான். பெனால்டி எல்லைக்கு உள்ளேதான் விழுந்தான். நடுவர் பத்தடி தொலைவில் நின்றார். விசில் ஒலிக்கவில்லை. பந்து மறுபக்கம் போயிற்று; ஆட்டம் முடிந்தது.

ஒருவராவது குறை சொன்னார்களா? இல்லை. ஊரே அவரைப் புகழ்ந்தது. "சொந்த அக்கா மகன்னும் பார்க்கலையே, மனுஷன்!" என்று தேநீர்க்கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் பலர் முன்னிலையில் அவருடைய கையைப் பற்றிப் பாராட்டினேன். என் தேர்வு மெய்ப்பட்டது என்ற மகிழ்ச்சி எனக்கு. அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். அதைத் தன்னடக்கம் என்று எண்ணினேன்.

எட்டு நாள் கழித்து, இஷாவுக்குப் பின் அவர் வந்து அமர்ந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஹஜ்ரத், நான் பார்த்தேன். தெளிவாப் பார்த்தேன். விசில் வாய்கிட்ட வந்துடுச்சு. ஊதினா என்ன சொல்வாங்கன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. ஊதலை." சற்றுப் பொறுத்து, "இதுக்கு மன்னிப்பு யார்கிட்ட கேட்கணும்? அவன்கிட்டயா, அந்தப் பதினோரு பேர்கிட்டயுமா?" என்றார்.

மார்க்கக் கேள்விகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. கேட்டவரைவிடக் கேட்கப்பட்டவனே குற்றவாளி என்று நான் உணர்ந்தது அந்த இரவில்தான்.

அன்று முதல் இதைப் பற்றிச் சிந்தித்து வருகிறேன். ஆட்டக்காரர்களை விசாரித்தேன்; நூல்களைப் புரட்டினேன். வாசக அன்பர்கள் இதை ஒரு சிறுவர் விளையாட்டுச் செய்தி என்று கடந்து போகாமல் சற்றே கேட்டருள வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள், சட்டம் என்ற ஒன்றையும் நீதி என்ற ஒன்றையும் முதன்முதலில் சந்திப்பது நீதிமன்றத்திலன்று, இத்தகைய திடலில்தான்.

கண் தவறுவது வேறு, மனம் தவறுவது வேறு. 1986ஆம் ஆண்டு மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிப் போட்ட கோலை உலகமே பேசிற்று. அந்த ஆட்டத்தின் நடுவர் துனீசியா நாட்டு அலீ பின் நாஸிர். அவர் கையைக் காணவில்லை; பல்கேரிய நாட்டுக் கோட்டு நடுவரை நோக்கினார்; அவர் நடுக்கோட்டை நோக்கி நடக்கவே கோல் என்று அறிவித்தார். தவறுதான். ஆயினும் முயன்று தவறியவர் தவறு அது. ஆராய்ந்து தீர்ப்பளித்துத் தவறிய காழிக்கும் ஒரு நற்கூலி உண்டு என்று நம் பெரியோர் எடுத்துரைப்பது இத்தகையவரைக் கருதியே. எங்கள் துறைமுக நண்பர் அந்த ஆறுதலைத் தமக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவர் கண் தவறவில்லை. 2018 முதல் உலகக் கோப்பையில் காணொளி நடுவர் வந்துவிட்டார். கண்ணின் தவறுக்கு அது மருந்து. கண்டதைச் சொல்ல அஞ்சும் நெஞ்சுக்கு எந்தக் கருவி வந்திருக்கிறது?

அந்த அச்சம் எங்கிருந்து வந்தது? அதை நாமே வளர்க்கிறோம் என்று தோன்றுகிறது. எங்கள் பகுதியிலிருந்து உயர் நீதிமன்றம் தொலைவில் இல்லை. அதன் வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கன்றைக் கொன்ற தேரை ஓட்டியவன் தன் மகனே என்றறிந்து அவனைத் தேர்க்காலில் இட்ட மன்னன் அவன். பள்ளிப் பருவத்தில் எல்லாரும் படித்த கதை. இக்கதையை நான் குறை கூறவில்லை. ஆயினும் நீதிமானுக்கு இலக்கணம் என்று நாம் எடுத்துக்காட்டுவோரெல்லாம் தம்மவரைத் தண்டித்தவர்களாகவே இருப்பதைக் காண்கிறேன். தன் மகன் குற்றமற்றவன் என்று கண்டு, ஊர் பழித்தாலும் பழிக்கட்டும் என்று அவனை விடுவித்த மன்னனின் கதை ஒன்றாவது நமக்குத் தெரியுமா? ஆகவே நெருங்கியவன் மீது கடுமை காட்டினால் அதுவே நீதி என்ற ஒரு மயக்கம் நம் குருதியில் கலந்துவிட்டது. உங்களுக்கே எதிராயினும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பது இறைமறையின் கட்டளை. எதிராயினும் என்றுதான் உள்ளது. எப்போதும் எதிராகவே நில்லுங்கள் என்று இல்லை. வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். எனது பக்கம் சாயவில்லை என்று காட்டுவதற்காக மறுபக்கம் சாய்கின்ற கோலும் கள்ளக்கோல்தான்.

இங்கே சட்ட நூலோரின் நுட்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மகனுக்கு ஆதரவாகத் தந்தையின் சாட்சியம் செல்லாது. மகனுக்கு எதிராகச் செல்லும். அன்புடையவன் எதிராகப் பேசினால் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை என்பது காரணம். எதிரியின் சாட்சியமோ நேர்மாறு. இந்தப் பாகுபாட்டை நான் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அன்புடையவனே ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி எதிராகத் திரும்புவான் என்ற நிலையை நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நூலாசிரியர்களைக் குறை சொல்லத் துணியேன். சாட்சி சொல்பவர் வேறு, ஆயிரம் கண் பார்க்க அரை நொடியில் தீர்ப்புச் சொல்பவர் வேறு. குறை என்னுடையது. சட்டம் வரைந்த கோடு, இதற்கு மேல் போகாதே என்று தடுக்கும் கடைசிக் கோடு. இதுவரை தாராளமாகப் போ என்று அழைக்கும் கோடன்று. நான் அதை அழைப்பாகக் கொண்டேன். தாய்மாமன் என்ற உறவு தமிழர் வாழ்வில் எத்தகையது என்பதை அரபு நூலில் தேடினால் கிடைக்குமா?

அதினும் பெரிய பிழை ஒன்று உண்டு. அவர் வேண்டாம் என்று சொன்னார். இமாம் அபூஹனீபா அவர்களைக் கலீபா மன்சூர் காழிப் பதவிக்கு அழைத்தபோது, தாம் தகுதியற்றவர் என்று இமாம் மறுத்ததையும், அதற்காகச் சிறைத்துன்பம் ஏற்றதையும் மாணவர்களுக்கு உருக்கமாக எடுத்துச் சொல்பவன் நான். பதவியைக் கேட்டு வருபவனிடம் எச்சரிக்கை வேண்டும், விலகி நிற்பவனே பல வேளைகளில் தக்கவன் என்று விளக்கமும் தருவேன். ஆனால் என் முன்னால் ஒருவர் வந்து விலகி நின்றபோது, அவருடைய மறுப்பையே தகுதிக்குச் சான்றாகக் கொண்டு அவரைப் பிடித்துத் தள்ளினேன். விலகுவதற்கு அவர் கேட்ட உரிமை அவருடையது. தம் நெஞ்சின் பலவீனத்தை என்னைவிட அவர் அறிந்திருந்தார்.

கால்பந்தின் பழைய வரலாறு இவ்விடத்தில் சுவையானது. 1863இல் இலண்டனில் எழுதப்பட்ட முதல் விதிகளில் நடுவர் என்ற பேச்சே கிடையாது. கனவான்கள் ஆடும் ஆட்டத்தில் பொய்க்கு இடமேது என்று எண்ணினர். பின்னர் அணிக்கு ஒருவராக இரண்டு மத்தியஸ்தர்களை ஆளுக்கொரு பக்கம் நிறுத்தினர். இருவரும் ஒத்துப் போகாதபோது, திடலுக்கு வெளியே நின்ற மூன்றாமவரிடம் வழக்கைக் கொண்டு போயினர். அவருக்குத்தான் ரெஃப்ரி என்று பெயர். முறையீடு செய்யப்படுபவர் என்பது பொருள். 1891இல் அந்த மூன்றாமவர் திடலுக்குள் வந்தார்; மற்ற இருவரும் கோட்டோரம் ஒதுங்கிக் கொடி பிடித்தனர். பெனால்டி உதையும் அதே ஆண்டில்தான் பிறந்தது. அவரவர் ஆளை அவரவர் கொண்டு வரும் முறை முப்பதாண்டுகூட நிலைக்கவில்லை. கனவான்களும் மனிதர்களே.

மூன்றாமவர் வந்துவிட்டார் என்பதாலேயே எல்லாம் முடிந்துவிட்டதா? அவரை அனுப்புவது யார் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. 1966 சூலை 23ஆம் நாள் உலகக் கோப்பைக் கால் இறுதி. இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஆட்டத்துக்கு மேற்கு ஜெர்மனி நாட்டவர் நடுவர். அதே நாளில் மேற்கு ஜெர்மனிக்கும் உருகுவேக்கும் நடந்த ஆட்டத்துக்கு இங்கிலாந்து நாட்டவர் நடுவர். முன்னதில் அர்ஜென்டினாவின் தலைவர் வெளியேற்றப்பட்டார். பின்னதில் உருகுவே வீரர் இருவர் வெளியேற்றப்பட்டனர். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் வென்றன. தென் அமெரிக்கர் கொதித்தனர். அந்த நடுவர் இருவரும் நேர்மையாகவே ஊதியிருக்கலாம். யார் அதை நம்புவார்? அந்த நம்பிக்கையின்மையை உண்டாக்கியவர்கள் நடுவர்கள் அல்லர், பட்டியலை எழுதியவர்கள். வெளியேற்றப்பட்டவர் ஸ்பானிய மொழியில் பேச, ஜெர்மானிய நடுவருக்கு அம்மொழி தெரியாது. அந்தக் குழப்பத்தைக் கண்ட ஆங்கிலேய அதிகாரி கென் ஆஸ்டனின் எண்ணத்தில் உதித்தவைதாம் மஞ்சள், சிவப்பு அட்டைகள். 1970 உலகக் கோப்பையில் அவை வழக்கத்துக்கு வந்தன. எங்கள் தெருப் பிள்ளைகள்கூட இன்று சட்டைப்பையிலிருந்து பழைய சிகரெட் அட்டையை உருவிக் காட்டுகிறார்கள்!

இத்தாலியில் நடந்தது இன்னும் கசப்பானது. 2006இல் வெளிப்பட்ட ஊழலில், ஆட்டத்தை விலைக்கு வாங்கினார்கள் என்பது முதற்பேச்சாக இல்லை. யுவெண்டஸ் மன்றத்தின் பொது மேலாளர், நடுவர்களை ஆட்டங்களுக்கு ஒதுக்கும் அதிகாரிகளோடு தொலைபேசியில் பேசிப் பேசி, இன்னார் வரட்டும், இன்னார் வேண்டாம் என்று செல்வாக்குச் செலுத்தினார் என்பதே குற்றச்சாட்டு. யுவெண்டஸின் இரண்டு பட்டங்கள் பறிக்கப்பட்டன. மன்றம் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது. நடுவரின் கையில் பணம் வைக்கத் தேவையே இல்லை, பாருங்கள். ஒதுக்கும் கையை அறிந்திருந்தால் போதும்.

நம் திடல்களில் தொலைபேசிச் சதி இல்லை. ஆனால் வேறொன்று உண்டு. சங்கத்தின் கீழ் முறையாக நடக்கும் போட்டிகளுக்கு நடுவர் குழு ஆட்களை அனுப்பும். தெருப் போட்டிகளிலோ நடத்துபவரே தமக்குத் தெரிந்தவரைக் கூப்பிடுவார். நடுவருக்கு ஆட்டத்துக்குச் சில நூறு ரூபாய்; விடுமுறை நாட்களில் அது குடும்பத்துக்கு உதவும் பணம். அடுத்த வாரமும் அழைப்பு வர வேண்டும் என்றால், அழைப்பவரின் முகம் கோணக் கூடாது. அழைப்பவருக்கே ஓர் அணி இருக்கும். பிறகு நான் விவரிக்கவா வேண்டும்? காழியின் ஊதியம் பொதுக் கருவூலத்திலிருந்து வர வேண்டும், வழக்காடிகளிடமிருந்து வரக் கூடாது, அவர்கள் தரும் அன்பளிப்பும் ஆகாது என்று நூலோர் வரைந்ததன் அருமை, அந்தத் தேநீர்க்கடை ஓரத்தில் நின்றபோது எனக்கு விளங்கிற்று. ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முன்பு ஓர் அணியின் வீட்டார் நடுவர்களை அழைத்துப் பிரியாணி பரிமாறியதை நானே கண்டிருக்கிறேன். பசியோடு தீர்ப்புச் சொல்வது காழிக்கு விரும்பத்தக்கதன்று என்பதும் அதே நூல்களில் இருக்கிறது. என்றாலும் அந்தப் பசியைத் தீர்க்க வேண்டியவர் யார் என்பது கேள்வி.

சரி, ஒதுக்குவதற்கு நல்ல வழிதான் என்ன? வெளியாளைக் கொண்டு வரலாம். உறவில்லாதவர் கிடைப்பார், ஆனால் நம் பிள்ளைகளை அறியார், திடலின் மேடு பள்ளம் அறியார், அவரை அழைத்து வரும் செலவும் நம்மைச் சேரும். மூலக்கொத்தளம் போன்ற இடத்தில் உறவின்றி நான்கு பேரைத் தேடுவதே பெரும்பாடு. தெருவுக்குத் தெரு மாமன் மச்சான்தான்.

சீட்டுப் போடலாம். இதற்கு நம் மண்ணிலேயே பழைய முன்மாதிரி உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, குடவோலை முறையை விரிவாகப் பதிந்து வைத்திருக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் தன் ஐந்து விரல்களையும் விரித்து, திறந்த உள்ளங்கையில் அதை வாங்குவான். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடக் கூடுமல்லவா? அந்த ஊர்ப் பெரியோர் ஒருவரையொருவர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தனர் என்பதற்கு அந்த விரித்த விரல்களே சாட்சி. அவர்களை நான் வியப்பது வேறொன்றுக்காகவும். குடத்தில் ஓலை போடுவதற்கு முன்பே தகுதி பார்த்தார்கள். நிலம், வயது, கல்வி எல்லாம் பார்த்தார்கள். அண்மையில் பொறுப்பு வகித்தவரைத் தள்ளினார்கள். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும், அவருடைய உறவினரையும் நீக்கினார்கள். அந்த உறவு வரிசையில் தாயோடு பிறந்த மாமனும் உண்டு. நான் மின்ஹாஜில் தேடிக் காணாத மாமனை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்க் கல்லில் கண்டேன்.

இத்தாலியரும் 1984–85 பருவத்தில் நடுவர்களை முழுக்கச் சீட்டுப் போட்டே ஒதுக்கினர். அந்த ஆண்டு பெரிய நகரங்களின் பெரிய மன்றங்களை விட்டுவிட்டு, வெரோனா என்னும் சிறிய நகரத்து அணி பட்டம் வென்றது. அதற்கு முன்பும் வென்றதில்லை, பின்பும் வென்றதில்லை. சீட்டால்தான் வென்றது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அணி நல்ல அணி என்றே கூறுகிறார்கள். ஆயினும் அந்த முழுச் சீட்டு முறை நீடிக்கவில்லை. கடினமான ஆட்டத்துக்குத் தேர்ந்தவரும் எளிய ஆட்டத்துக்குக் கற்றுக்குட்டியும் செல்ல வேண்டும் என்பதைச் சீட்டு அறியாது. அதையும் மறுப்பதற்கில்லை.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கையில், உறவினரை விலக்கும் விதி நேர்மையாளரை அவமதிக்கிறது என்று நான் கருதியது தலைகீழான எண்ணம் என்று தெரிகிறது. அந்த விதி அவருடைய நேர்மைக்கு நிழல். வெயிலில் நிறுத்திச் சோதித்து, தாங்கினாரா பார்த்தீர்களா என்று பெருமை கொள்ள எனக்கு என்ன உரிமை இருந்தது? அவருடைய தக்வாவைக் கொண்டு என் தேர்வுக்குப் பெருமை தேடினேன். விலை கொடுத்தவன் பதினான்கு வயதுப் பிள்ளை.

அவர் கேட்ட கேள்விக்கு அன்றிரவு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, இருவரும் போவோம்." மறுநாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகு நடுவரே நினைத்தாலும் தம் முடிவை மாற்ற முடியாது என்பது விளையாட்டின் விதி. ஆகவே கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. மாமன் தாம் கண்டதைச் சொன்னார். நான், அவர் மறுத்தும் அனுப்பியவன் நான்தான் என்று சொன்னேன். அவன் தாய் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளை அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "அப்ப அது ஃபவுல்தானே, மாமா?" என்று மட்டும் கேட்டான்.

"ஆமாண்டா."

அப்போதுதான் செய்தி தெரிந்தது. இந்த எட்டு நாளும் அவனுடைய அணிப் பிள்ளைகள் அவனை நடிகன் என்று கேலி செய்திருக்கிறார்கள். பெனால்டிக்காக வேண்டுமென்றே விழுந்தான், அதனால்தான் சொந்த மாமனே ஊதவில்லை என்று. மாமனின் நேர்மையில் ஊர் வைத்த நம்பிக்கையே அவனைப் பொய்யனாக்கியிருந்தது. தான் விழுந்தது உண்மைதானா என்று அவனுக்கே ஐயம் வந்துவிட்டதாம். "வந்து அவங்ககிட்டச் சொல்லு மாமா" என்றான். அன்று மாலை திடலில், பதினோரு பேரையும் உட்கார வைத்து, அவர் சொன்னார். ஒரு நடுவர் தம் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் முன் நிற்பது எளிதன்று. கோல் காப்பாளன் மட்டும், பெனால்டி கிடைத்திருந்தாலும் இவன் வெளியேதான் அடித்திருப்பான் என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

மறு ஆண்டு முதல் பட்டியல் எழுதும் முறையை மாற்றினோம். நடுவர் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு கட்டம். தாம் நடத்த விரும்பாத அணிகளை அவரே அதில் எழுதுவார்; காரணம் கேட்பதில்லை. அரையிறுதிக்கும் இறுதிக்கும் தேர்ந்தவர் பெயர்களை மட்டும் தனியே வைப்போம். மீதியைத் தேநீர்க்கடைக்காரரின் சிறுமகள் எவர்சில்வர் டம்ளரிலிருந்து எடுப்பாள். நடுவர்களின் பணத்தை ஆட்டம் தொடங்குமுன்பே கொடுத்துவிடுகிறோம். சாப்பாடு எங்கள் பொதுப் பணத்தில்.

முதல் முறை அந்தத் தாளை நிரப்பியபோது, துறைமுக நண்பர் தம் கட்டத்தில் அக்காள் மகனின் அணியை எழுதிவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினார். "ஒதுக்குறவங்களுக்கும் ஒரு கட்டம் வேணாமா, ஹஜ்ரத்? உங்ககிட்ட ஓதுற பசங்க எந்தெந்த டீம்ல இருக்காங்கன்னு எழுதுங்க."

நினைவுபடுத்தி எழுதினேன். எட்டு அணிகளில் ஐந்து வந்தது.